கிங் சிட்டியில் இறங்கியிருக்க வேண்டும்

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை. கலிபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸிலிருந்து வாட்சன்வில்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வாடகைக்கு எடுத்த பழைய செஸ்னா 172. விமானி உரிமம் கைக்கு வந்து நான்கு மாதம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 95 கடல் மைல். சலினாஸ் பள்ளத்தாக்கில் 101 நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டே பறந்தால் போதும்.

கோடைப் பிற்பகலில் அந்தப் பள்ளத்தாக்குக்குள் வடமேற்கிலிருந்து கடற்காற்று பாயும். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று, திரும்பும்போது மூக்கில் அறைந்தது. வேகமானியில் 105 நாட், அதாவது மணிக்கு 105 கடல் மைல். தரைவேகம் வெறும் 80. காலையில் அளவுக்குச்சி விட்டுப் பார்த்தபோது பறக்க உதவும் பெட்ரோல் 24 கேலன் இருந்தது. மணிக்கு எட்டு கேலன் என்று கணக்கு. மேலே ஏறியபின் மிக்ஸ்சர் குமிழை இழுத்துப் பெட்ரோலை மட்டுப்படுத்தினால்தான் அந்த எட்டு நிற்கும். திரும்பும் வழியில் நான் அதைத் தொடவே இல்லை.

கிங் சிட்டி ஓடுதளம் இடது இறக்கைக்குக் கீழே வந்தபோது பெட்ரோல் அளவு காட்டும் இரண்டு முட்களும் கால் டாங்க் அருகே ஆடிக்கொண்டிருந்தன. இறங்கிப் பார்க்கலாமா என்று மனம் கேட்டது. ஐந்து மணிக்கு இதே விமானத்தை வேறொருவர் பதிவு செய்திருந்தார். அதற்காக இறங்காமல் போனேன். சலினாஸ் ஓடுதளத்தையும் அப்படியே கடந்தேன்.

அதன்பிறகு என் கண் கீரை வயல்களை விட்டு நகரவில்லை. எஞ்சின் நின்றால் உழவுசாலோடு ஒட்டி இறங்க வேண்டும். குறுக்கே இறங்கினால் முன்சக்கரம் புதைந்து விமானம் கவிழும். வயலோரத்து மின்கம்பிகள் மேலிருந்து தெரியாது, கம்பங்களைத்தான் தேட வேண்டும். பயிற்சியில் பலமுறை செய்ததுதான். அப்போதெல்லாம் எஞ்சினுக்குத் திரும்ப உயிர் கொடுக்கப் பக்கத்தில் பயிற்றுநர் இருந்தார்.

வாட்சன்வில்லில் இறங்கிக் குச்சியை விட்டேன். நுனி மட்டும் நனைந்தது. நிரப்பியபோது 35 கேலன் பிடித்தது. மொத்தம் 42 கொள்ளும் விமானம். அதில் பறக்க உதவுவது 38, மீதி டாங்கின் அடியிலேயே தங்கிவிடும். ஆக, மிச்சம் மூன்று கேலன், இருபது நிமிடம். பகலில் பறக்க அரை மணிநேர இருப்பு வைத்துத் திட்டமிட வேண்டும் என்கிறது சட்டம்.

வாட்சன்வில்லுக்கு எதிரே, மான்டரே விரிகுடாவின் மறுகரையில் இருக்கிறது பசிபிக் குரோவ். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் தன் லாங்-ஈசி விமானத்தோடு அங்கேதான் கடலில் விழுந்து இறந்தார். எந்த டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது என்று மாற்றும் கைப்பிடி அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணையின் முடிவு. கைப்பிடியின் இடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னை உறுத்துவது வேறு: புறப்படும்முன் பெட்ரோல் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள், ஒரு மணிநேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றிருக்கிறார். ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்தவர் அவர். அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை எரிபொருள் நிர்வாகத் தவறால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கு மேற்பட்ட விபத்துகள். சிக்கிய விமானிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தொழில்முறை உரிமம் உள்ளவர்கள்.

போன வாரம் மறுபடி அதே வழி, அதே காற்று. கிங் சிட்டியில் இறங்கி, இறக்கைமேல் ஏறிக் குச்சியை விட்டேன். பதினாறு கேலன். இருந்தும் நிரப்பிக்கொண்டுதான் கிளம்பினேன். விமானத்துக்காகக் காத்திருந்தவருக்கு நாற்பது நிமிடம் தாமதம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.