ஹென்றி மொலைசனும் நினைவின் மாதிரிகளும்

நினைவு இயங்கும் விதத்தைக் கணித மாதிரியாக வடிக்கும் முயற்சிகளைப் படிக்கும்போதெல்லாம், அவற்றை உரைத்துப் பார்க்க ஹென்றி மொலைசன் ஒருவரே போதும் என்று எனக்குத் தோன்றும். கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக, 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், 27 வயதான மொலைசனுடைய மூளையின் இருபுறத்திலிருந்தும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பங்கை அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னபோது, இலக்கங்களை வைத்து மனத்துக்குள் ஏதேதோ கணக்குப் போட்டபடி கால் மணி நேரம் அதை இழுத்துப் பிடித்திருந்தவர், கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண்ணை மட்டுமன்றி, அப்படி ஒன்று கேட்கப்பட்டதையே மறந்தார். அவரே, கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மூன்றே நாட்களில் தேர்ந்தார், முன்பு அதைச் செய்த நினைவு சிறிதும் இல்லாமல்!

இயற்பியலாளர் ஜான் ஹாப்ஃபீல்டு 1982-இல் முன்வைத்த, மூளையின் நியூரான்களைப் (நரம்பு செல்களை) போலச் செயல்படும் கணித வலையமைப்பில் நினைவு தனியோர் இடத்தில் இருப்பதில்லை. நியூரான்களுக்கிடையிலான இணைப்புகளின் வலுவில் பரவியிருக்கிறது. பாட்டின் முதலடி காதில் விழுந்ததும் மீதி தானே வருவதைப் போல, சிதைந்த துணுக்கிலிருந்து முழு வடிவத்தை அது மீட்டெடுக்கும். சேமித்த வடிவங்கள் நியூரான்களின் எண்ணிக்கையில் ஏறக்குறைய 14 சதவீதத்தைத் தாண்டினால் எல்லாம் குழம்பிவிடும். 2024-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த அழகிய மாதிரிதான்; ஆயினும், புதியது எதையும் ஏற்காத மொலைசனிடம் இளமைக்கால நினைவுகள் மட்டும் எப்படி எஞ்சின என்பதற்கு அதில் விடையில்லை.

அந்த விடையை மெக்லெலண்ட், மெக்நாட்டன், ஓ'ரைலி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1995-இல் அணுகினர். ஒரே வலை புதியதை வேகமாகக் கற்றால் பழையதை அழித்துவிடும் என்பதால், ஹிப்போகாம்பஸ் உடனுக்குடன் பதிந்துகொள்ள, மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணி அதனிடமிருந்து திரும்பத் திரும்பக் கேட்டு மெதுவாகக் கற்கிறது என்றனர். இளமை நினைவுகள் தப்பியதும், அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகளின் நினைவுகள் சேர்ந்தே மறைந்ததும் இதில் பொருந்திவிடுகின்றன.

பிரக்ஞைக்கு வரும்போதுதான் சிக்கல். மொலைசன் விழிப்போடு உரையாடினார், வேடிக்கையாகப் பேசினார், குறுக்கெழுத்துப் புதிர்களை விரும்பி நிரப்பினார். நிகழ்ச்சிகளைச் சேர்த்துவைக்கும் நினைவே தன்னுணர்வின் அடித்தளம் என்று வாதிடுவோர் அவருக்கு முதலில் விளக்கம் சொல்லியாக வேண்டும். மேற்கண்ட இரு மாதிரிகளிலும் அந்த விழிப்பைக் குறிக்கும் கணித மாறி ஒன்றுகூட இல்லை.