ஆண்டிலோப் கேன்யன், வயர் பாஸ்: பாறை இடுக்குகளில் படமெடுத்த இரண்டு நாட்கள்

போன மே மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் ஊரில் தங்கி, அந்தப் பக்கத்துப் பாறை இடுக்குகளில் இரண்டு நாள் படமெடுத்தேன். போவதற்கு முன் நான் தேடிப் படித்ததில் பாதி டிக்கெட் பற்றி, மீதி கேமரா செட்டிங் பற்றி. வெளிச்சம் அந்த இடுக்குக்குள் எப்படி இறங்குகிறது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதனால் அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதல் நாள் ஆண்டிலோப் கேன்யன். அது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. மேல் கேன்யன், கீழ் கேன்யன் என்று இரண்டு உண்டு. நான் கீழ் கேன்யனுக்குப் பதிவு செய்திருந்தேன். முன்பெல்லாம் புகைப்படக்காரர்களுக்கென்றே டிரைபாடுடன் (கேமராவை நிறுத்தும் முக்காலி) தனி டூர் இருந்தது, இப்போது இல்லை. டிரைபாட் கூடாது, பையும் கூடாது. கையில் ஒரு கேமரா, அதில் ஒரு 16-35 அகலக்கோண லென்ஸ், பாக்கெட்டில் இன்னொரு பேட்டரி, தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான்.

நேர விஷயத்தில் கவனமாக இருங்கள். அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நிலத்திலும் பக்கத்து மாநிலமான யூட்டாவிலும் மாற்றுகிறார்கள். எந்த டவர் கிடைக்கிறதோ அதற்கேற்ப போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். டூர் நடப்பது பேஜ் ஊர் நேரப்படி. போனில் நேரத்தை ஃபீனிக்ஸ் (அரிசோனாவின் தலைநகர்) என்று நாமே அமைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

படிக்கட்டில் இறங்குவதற்கு முன் எங்கள் வழிகாட்டி அம்மா எல்லோரையும் நிறுத்தி 1997 ஆகஸ்ட் 12 பற்றிச் சொன்னார். அன்று இந்தக் கீழ் கேன்யனில் 11 பயணிகள் வெள்ளத்தில் இறந்துபோனார்கள். அந்த இடத்தில் பெரிய மழையே இல்லை. பல மைல் தள்ளிக் கொட்டிய மழை, காட்டாற்றில் திரண்டு இந்த இடுக்கு வழியாகப் பாய்ந்திருக்கிறது. இப்போதுள்ள இரும்புப் படிகள் அதற்குப் பிறகு வந்தவை. அதைக் கேட்ட பிறகு, சுவரில் இருந்த ஒவ்வொரு வளைவும் தண்ணீர் திரும்பிய இடமாகவே என் கண்ணுக்குத் தெரிந்தது.

முதல் இருபது நிமிடம் எடுத்த படங்கள் எதுவும் தேறவில்லை. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் செய்வது போல நானும் அண்ணாந்து பார்த்து எடுத்தேன். மேலே வானம் ஒரு வெள்ளைக் கோடு, கீழே எல்லாம் கறுப்பு. கண்ணுக்கு நெருப்பாகத் தெரிந்த சுவர் திரையில் மங்கிய பழுப்பாக இருந்தது. அந்த அம்மா என் கேமராவை எட்டிப் பார்த்துவிட்டு, வெயில் படும் சுவரை விட்டுவிட்டு அதற்கு எதிரே இருப்பதைப் பார் என்றார்.

பார்த்தேன். வெயில் ஒரு சுவரின் உச்சியில் விழுகிறது. அங்கே வெறும் கண்கூச்சம்தான், நிறமே இல்லை. அது தெறித்து எதிர்ச் சுவரில் படும்போது மஞ்சளாகிறது. அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம் வரும்போது ஆரஞ்சு. இன்னும் கீழே இறங்க இறங்கச் சிவப்பு. இந்த மணற்பாறையில் இரும்புச் சத்து இருப்பதால், ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் பாறை நீலத்தை உறிஞ்சிக்கொண்டு சிவப்பை மட்டும் அனுப்புகிறது. அந்தத் தெறிப்பும் எட்டாத மூலையில் வானத்தின் நீலம் மட்டும் வந்து விழும். அங்கே அதே பாறை கத்தரிப்பூ நிறம்! ஒரே சுவரில், என் கை நீளத்துக்குள், மஞ்சள் தொடங்கி ஊதா வரை இருந்தது.

சரி என்று எல்லாவற்றையும் மாற்றினேன். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானாக நிறத்தைச் சமன்செய்வது) அந்த ஆரஞ்சைத் தவறு என்று நினைத்துச் சரிசெய்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு டேலைட்டில் வைத்தேன். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்தேன். வானமும் நேர் வெயிலும் ஃப்ரேமுக்குள் வரவே கூடாது. இருப்பதிலேயே பிரகாசமான சுவருக்கு எக்ஸ்போஷர் (உள்ளே விடும் ஒளியின் அளவு) வைத்து, நிழலை அதன் போக்கில் விட்டேன். டிரைபாட் இல்லாததால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600-க்குக் கீழே இறங்க முடியவில்லை. பின்னால் அடுத்த குழு வந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்கவும் முடியாது. ஆனாலும் அந்த மீதி அரை மணி நேரத்தில் எடுத்தவைதான் என்னிடம் மிஞ்சின. மற்ற நிலக்காட்சிகளுக்கு ஆகாத உச்சிவெயில்தான் இங்கே நல்ல நேரம்.

மறுநாள் யூட்டா பக்கம் வயர் பாஸ் என்ற இடுக்கு. இங்கே வழிகாட்டி தேவையில்லை, தலைக்கு 6 டாலர் பர்மிட், டிரைபாட் கொண்டுபோகலாம். ஆனால் எச்சரிக்க ஆளும் கிடையாது. காலையில் வானிலையைப் பார்த்தேன், இடுக்குக்கு மட்டுமல்ல, தண்ணீர் வரக்கூடிய மேட்டுப் பகுதி முழுவதுக்கும். மழை வாய்ப்பு கொஞ்சம் இருந்திருந்தாலும் திரும்பியிருப்பேன். போகும் மண் ரோடும் நனைந்தால் வண்டி நகராது.

காட்டாற்று மணலில் நடந்து, ஓரிடத்தில் பாறையிலிருந்து ஆளுயரத்துக்கு இறங்கி உள்ளே போனால் சுவர்கள் தோளை உரசுகின்றன. அங்கே ஒரு தப்பு செய்தேன்: லென்ஸ் மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேலே காற்றடித்து மாவு போல மணல் இறங்கியது. அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி, ஜூம் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்ற சத்தம். வண்டியிலேயே லென்ஸை மாட்டிவிடுங்கள், உள்ளே கழற்றவே கழற்றாதீர்கள்.

வயர் பாஸ் போய்ச் சேரும் பக்ஸ்கின் கல்ச் சுமார் 24 கிலோமீட்டர் நீளமான இடுக்கு. இரண்டும் சேரும் இடத்துப் பாறையில் பழங்குடிகள் செதுக்கிய காட்டு ஆடுகள் வரிசையாக நிற்கின்றன. தொடாமல் நின்று பார்த்தேன். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், என் தலைக்கு மேல் இன்னும் இரண்டு ஆள் உயரத்தில், இரு சுவர்களுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை சிக்கிக் கிடந்தது. அதில் காய்ந்த புல் சுற்றியிருந்தது. வெள்ளம் அவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறது.

அதற்கு எதிரே டிரைபாடை ஊன்றிக் காத்திருந்தேன். ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 11, எட்டு விநாடி. யூட்டா நேரம் ஒரு மணி வாக்கில் எதிர்ச் சுவர் சிவக்க ஆரம்பித்தது. கட்டையின் அடிப்பக்கத்திலும் அந்தச் சிவப்பு ஏறியது. நான்கு படம் எடுப்பதற்குள் வெளிச்சம் அடுத்த வளைவுக்குப் போய்விட்டது.