படைச்சேவை முடிந்த பின் யாழ்ப்பாணத்தில்: பறவை எண்ணப் பழகிய கதை

பிரித்தானியத் தரைப்படையில் முழுச் சேவைக் காலத்தையும் முடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, இங்கே எனக்கென ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்ட விதத்தை எழுதித் தரும்படி, அதே வழியில் ஊர் திரும்ப எண்ணியிருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அலுவலக வேலைகளைச் சுருக்கமாகவும், அதன்பின் என் நாட்களை நிரப்பிய பறவை நோக்கலை விரிவாகவும் எழுதுகிறேன். திரும்பி வருவோருக்குக் கடினமாக அமைவது இரண்டாவதுதான் என்பது என் அனுபவம்.

ஆறு ஆண்டுகளுக்கு மேல் சேவை செய்தவர்களுக்கு, வெளியேறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மீள்குடியமர்வுக்கான பயிற்சிகளையும் ஆலோசனைகளையும் படைத்துறை வழங்குகிறது. அவற்றைக் கடைசி மாதங்கள் வரை தள்ளிப்போடாதீர்கள். ஓய்வூதியம் நீங்கள் எந்தத் திட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தது. 1975ஆம் ஆண்டுத் திட்டத்தில் 18 வயதிலிருந்து 22 ஆண்டுகள் சேவை செய்த படைவீரருக்கு உடனடியாக ஓய்வூதியம் கிடைக்கும். ஆனால் 55 வயது வரை அந்தத் தொகை உயராது, அதன் பின்னரே விலைவாசிக்கேற்ப உயரும். இதையும் பிரித்தானிய அரசின் முதியோர் ஓய்வூதியத்தையும் ஒன்றாக எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. இலங்கையில் வாழ்பவருக்கு முதியோர் ஓய்வூதியம் முதலில் வழங்கப்பட்ட தொகையிலேயே நின்றுவிடும். பிரித்தானியக் குடியுரிமை பெற்றதால் இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் அதனை மீளப் பெற்று இரட்டைக் குடியுரிமையுடன் வாழலாம். அதற்குப் பொலிஸ் நற்சான்றிதழ் முதலிய பல ஆவணங்கள் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பவர்கள் அதை முதலில் திருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது போலத்தான்.

இவையெல்லாம் முடிந்து, வீட்டுக்கு வெள்ளையடித்து, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, வேலியையும் அடைத்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்கியது. அதிகாலையில் விழிப்பு வந்துவிடும். எழுந்தவனுக்குப் போக ஓர் இடமும், பார்க்க ஒரு வேலையும், பார்த்ததைச் சொல்ல ஒரு ஆளும் இருக்கவில்லை. பல ஆண்டுகளாக இந்த மூன்றையும் படையே எனக்குத் தந்துகொண்டிருந்தது. பொழுதைப் போக்குவதற்கு யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வழிகள் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது, கவனமாகச் செய்தால் பயன்படக்கூடியதும் கவனக்குறைவாகச் செய்தால் பயனற்றுப் போவதுமான ஒரு வேலை.

பறவைகள் பக்கம் நான் திரும்பியதற்கு வீட்டு முற்றமே காரணம்; முற்றத்தை விட்டு கடலேரிக்குப் போனதற்கு என் காதுகள் காரணம். துப்பாக்கிச் சத்தத்தில் நீண்ட காலம் இருந்தவர்களுக்குக் கேட்புத்திறன் எல்லா ஒலிகளிலும் ஒரே அளவாகக் குறைவதில்லை. 4000 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள கீச்சொலிகளே முதலில் மங்கும். கேட்புப் பரிசோதனை வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். என் வரைபடமும் அப்படித்தான் இருந்தது. வேலியில் இருந்து செண்பகம் கூவுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். செவ்வரத்தையில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும் தேன்சிட்டின் குரல், அதன் அலகு திறப்பதைக் கண்ணால் கண்டபோதும் கேட்பதில்லை. தோட்டத்துச் சிறு குருவிகளைப் பெரும்பாலும் குரலால்தான் இனங்காண வேண்டும். நீர்ப்பறவைகளோ திறந்த வெளியில் நிற்பவை. உருவத்தாலும் நடையாலும் பறக்கும் விதத்தாலும் அவற்றை அறியலாம். படைச்சேவையில் காது கெட்டவர்கள் இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஆகாது என்று ஒதுங்கிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குடாநாட்டில் நீர்ப்பறவைகளுக்குக் குறைவில்லை. பண்ணைப் பாலத்தின் இருபுறமும், சரசாலைக் குருவிக்காடும், தொண்டைமானாறு கடலேரியும், தெற்கே 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட சுண்டிக்குளமும் பறவை நோக்குவோர் நன்கறிந்த இடங்கள். நான் தேர்ந்தெடுத்தது தொண்டைமானாறு கடலேரியை ஒட்டிய வல்லை வெளி. இலங்கை, மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் இருப்பதால், செப்டெம்பர், ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வட ஆசியாவிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே தங்குகின்றன.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதன் முக்காலியில் தொலைநோக்கியைப் பூட்டி வெளியில் நிற்பது சாதாரண காரியமல்ல. இந்த மண்ணில் பார்க்கப்படுவது என்றாலே அச்சம்தான். படை என்ற சொல்லின் பாரமும் இங்கே வேறு. ஆகவே தொலைநோக்கியை வெளியே எடுக்கும் முன் கிராம அலுவலரையும், கரையில் தொழில் செய்பவர்களின் சங்கத்தாரையும் சந்தித்து, நான் யார், எந்தப் படையில் இருந்தேன், இப்போது என்ன செய்யப் போகிறேன் என்பதை நானே சொன்னேன். பிறகு ஒருநாள் பிறர் வாயால் அறிந்து அவர்கள் என்னை வேறு விதமாகப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. அப்படியிருந்தும், மீன்பிடிச் சிறகுவலைக்குத் தடி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முதல் வாரத்திலேயே அருகில் வந்து நின்றார்.

"தம்பி, என்ன அளக்கிறியள்? காணி ஏதும் எடுக்கப் போறாங்களோ?"

நான் பதில் சொல்வதற்குப் பதிலாக விலகி நின்று, அவரைத் தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஊசிவால்," என்று அங்கே நின்ற வாத்தின் பெயரைச் சொன்னார். "உது வாடை பிறந்தால்தான் வரும். சோளகம் திரும்பக் காணாது." எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை வரும், மழைக்குப் பின் எந்தப் பக்கத்துச் சேறு முதலில் வெளித் தெரியும் என்பதையெல்லாம் அவரிடமிருந்தே கற்றேன். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். காவலரண்கள் இருக்கும் பக்கம் தொலைநோக்கியைத் திருப்புவதில்லை, வழக்கமான நடைபாதையை விட்டு விலகுவதில்லை என்ற இரண்டையும் நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். முகமாலைப் பக்கம் போகிறவர்கள் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் ஓரடிகூட உள்ளே வைக்கக் கூடாது.

கருவி வாங்குவோருக்கு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வில்லை கொண்ட) இருகண் நோக்கியைப் பரிந்துரைப்பேன். பத்து மடங்குக் கருவியில் கையின் நடுக்கமும் பெரிதாகிவிடும். தூரத்துக் கூட்டங்களை எண்ணத்தான் முக்காலியில் பூட்டும் தொலைநோக்கி தேவை. வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பில் கானல் அலையத் தொடங்கிவிடும். அதன்பின் எந்த விலையுயர்ந்த கருவியும் உதவாது. ஆதலால் விடியற்காலையே எண்ணும் நேரம்.

படையில் கற்றவற்றுள் இங்கே அப்படியே பயன்பட்டது வெளியை நோக்கும் முறை. நிலத்தை அண்மை, நடு, தொலை என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வலமிருந்து இடமாகப் பார்க்க அங்கே பழக்குவார்கள். இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய கண், அதே திசையில் பார்க்கும்போது சில இடங்களைத் தாவிச் சென்றுவிடும். எதிர்த் திசையில் போனால் நின்று நிதானிக்கும். வல்லையில் இப்படிப் பார்க்கத் தொடங்கியபோதுதான், வெறும் சேறு என்று தோன்றிய இடம் முழுவதும் கருவால் மூக்கன்கள் நிற்பது தெரிந்தது. நீண்ட அலகை அடிவரை சேற்றில் செலுத்தி, கண்ணும் நீரைத் தொடுமளவுக்குத் தலையை அமிழ்த்தி, வெளியே எடுத்து ஒருமுறை விழுங்கி, அரையடி தள்ளி மறுபடியும் செலுத்தும். குளிர்காலத்தில் அதன் சாம்பல் நிறம் சேற்றோடு கலந்துவிடும். பறந்தால் மட்டுமே சிறகின் வெண்பட்டையும் கருவாலும் தெரியும்.

எண்ணுவதில் படைப் பயிற்சி போதவில்லை, புதிதாகவே பழக வேண்டியிருந்தது. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திச் சென்று நூறு, ஆயிரம் என்று கணக்கிட வேண்டும். ஊசிவால், நீலச்சிறகி ஆகிய இருவகை வாத்துகளும் கலந்து நின்றால், மொத்தத்தை முதலில் எண்ணி, எது எத்தனை பங்கு என்பதைப் பிறகு பார்க்க வேண்டும். பாதி எண்ணிய நிலையில் ஒரு கடற்கழுகு மேலே வந்தால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். அப்போது பழைய எண்ணிக்கையை வெட்டிவிட்டு, அவை இறங்கிய பின் தொடக்கத்திலிருந்து எண்ணுவதுதான் நேர்மை. ஊகித்து எழுதிய எண் வெற்றுத் தாளைவிடக் கெடுதலானது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடந்துவருகிறது. இலங்கையில் 1943இல் தொடங்கப்பட்ட சிலோன் பறவைக் கழகம் அதில் நீண்டகாலமாகப் பங்கேற்கிறது. ஓர் ஈரநிலம் காக்கப்பட வேண்டியதா என்று எங்கோ ஒரு மேசையில் முடிவெடுக்கப்படும்போது, அங்கே எடுத்து வைப்பதற்கு ஆண்டு தவறாமல் எண்ணிய எண்கள் வேண்டும். போர்க்காலத்தில் எங்கள் கடலேரிகளில் தொடர்ச்சியாக எண்ணக்கூடிய நிலைமை இருக்கவில்லை. அந்த இடைவெளியை இனி நிரப்ப முடியாது, இன்னொன்று விழாமல் பார்க்கலாம். என் குறிப்பேட்டில் நாள், நேரம், காற்று, நீர்மட்டம், இனம், எண்ணிக்கை என்ற வரிசையிலேயே எழுதுகிறேன்; காற்றுக்கு வாடை, சோளகம், கச்சான் என்ற எங்கள் பெயர்களையே இடுகிறேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அயல் பாடசாலை மாணவர்கள் சிலர் வருகிறார்கள். அவர்களின் காதுகள் நல்லவை. உள்ளான்களின் மெல்லிய குரல்களை அவர்கள் சொல்ல, அவை இருக்கும் திசையைக் கேட்டு நான் தொலைநோக்கியைத் திருப்புகிறேன். வரும் சனவரியில் வல்லைப் பாலத்தின் கிழக்குப் பக்கத்தை அவர்களே எண்ணப் போகிறார்கள், மேற்குப் பக்கம் என் பொறுப்பு. அவர்களுக்கு இன்னொரு முக்காலி தேவைப்படுகிறது. ஊர் திரும்பும் நண்பர்களில் யாராவது வரும்போது ஒன்றைக் கொண்டுவந்தால் அந்தக் காலையே பயன்படுத்தத் தொடங்கிவிடுவோம்.