இடப்பக்கம் பார்த்த கிழவி

"தம்பி, கிழவிக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. அது படத்தைப் பார்க்கலை, என்னைத் தேடுது" என்று பராமரிப்பாளர் அண்ணன் சொன்னது குரங்குகளின் நினைவாற்றல் சோதனை தொடங்கிய இரண்டாவது வாரத்தில். "திரையில விழுற பார்வைதான் கணக்கு, அண்ணே" என்றேன். புதுச்சேரியின் அந்த ஆய்வுக்கூடத்தை விட்டு வந்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பதில் என்னை உறுத்துகிறது.

நான் சொன்னது தவறென்று அப்போது தோன்றவில்லை. ஒரு படத்தைச் சில நொடிகள் காட்டி, இடைவெளி விட்டு, அதையே ஒரு புதிய படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால், முன்பு பார்த்தது நினைவில் இருக்கும் கண் புதியதன் மேல் கூடுதல் நேரம் நிற்கும். 1964-இல் உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் கைக்குழந்தைகளிடம் கண்ட இயல்பு இது. கிழவி என்று நாங்கள் அழைத்த அந்த முதிய நாட்டுக் குரங்கின் எண்ணோ, அதாவது மொத்தப் பார்வை நேரத்தில் புதிய படத்துக்குக் கிடைத்த பங்கோ, 50 விழுக்காட்டைத் தாண்டவேயில்லை. முதுமையால் வந்த நினைவுக் குறைவு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

ஆனால் ஒரு நொடி இடைவெளியிலும் அதே 50 வந்தது. மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமான குரங்குகள்கூட ஒரு நொடி இடைவெளியில் பிறவற்றைப் போலவே பார்க்கின்றன என்றும், பத்து நொடியோ அதற்கு மேலோ ஆனால்தான் தடுமாறுகின்றன என்றும் 2000-இல் ஸ்டூவர்ட் ஜோலா குழுவினர் காட்டியிருந்தார்கள். அதைப் படித்திருந்த நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். பக்கச் சாய்வு நினைவாகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரு படங்களையும் பாதியில் இடம் மாற்றுகிறோம். எப்போதும் ஒரே பக்கம் பார்க்கும் குரங்குக்கு அந்த மாற்றமே சரிபாதி எண்ணைத் தந்துவிடும்.

பதிவை ஓட்டிப் பார்த்தபோது, அகச்சிவப்பு ஒளியின் வெள்ளைப் புள்ளி மினுங்கும் கரிய கண்மணி, திரைச்சீலைக்குப் பின்னால் சாவிக்கொத்து அசையும்போதெல்லாம் இடப்பக்கம் நழுவியது. கதவு அந்தப் பக்கம் இருந்தது. கடலூர் முதுநகரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்து, சட்டைப்பையில் வேர்க்கடலையோடு அண்ணன் நிற்பதும் அங்கேதான்.

அவரை வெளியே தாழ்வாரத்தில் இருக்கச் சொன்னேன். எண் 60-ஐத் தாண்டியது. முந்தைய நாட்களின் பதிவுகளை, "இடப்பக்கச் சாய்வு" என்று காரணம் எழுதி நீக்கினேன், பொறுப்பாளரும் ஒப்புக்கொண்டார். அது முறையான முடிவுதான், இன்றும் அப்படியே செய்வேன். ஆனாலும் எண் உயர்ந்தது அவர் இல்லாததாலா, அதற்குள் கிழவிக்கு அறை பழகிவிட்டதாலா என்பதைப் பிரித்தறிய வேண்டுமானால், அவரை மீண்டும் உள்ளே அழைத்து ஒருமுறை சோதித்திருக்க வேண்டும். எண் மறுபடி இறங்கிவிடுமோ என்ற அச்சத்தில் அதைச் செய்யவில்லை. காரணத்தை முதலில் கண்டவர் அவர் என்பதையும் எங்கும் எழுதவில்லை.

"இனிமே உள்ளே வரலாமா தம்பி?" என்று மாதக் கடைசியில் கேட்டார். "முடியட்டும் அண்ணே" என்றேன்.

மற்ற மூன்று குரங்குகளின் எண்கள் தொடக்கத்திலிருந்தே நன்றாக இருந்தன. அவற்றின் சோதனையின்போதும் அண்ணன் அதே கதவருகில்தான் நின்றார். அவற்றின் கண்மணி எந்தப் பக்கம் நழுவியது என்று நான் ஓட்டிப் பார்க்கவில்லை.