கிளிப் போட்ட வாயும் நாயனமும்
ஈரோட்டுல பல் டாக்டரா இருக்கறேனுங்க, கிளிப் போடறதுதான் முக்கியமான வேலை. யார் வந்தாலும் எக்ஸ்ரேக்கு முன்னாடியே 'ஏதாச்சும் ஊதுவியா கண்ணு'ன்னு கேட்டுருவேன். வீணை, மிருதங்கம்னா கவலையில்ல, ஊதறவங்களுக்கு வாய்தான் பொழப்பு.

ரொம்ப கஷ்டம் பேண்டு செட்ல ட்ரம்பெட் ஊதற பசங்களுக்குத்தான். மவுத்பீஸ் உதட்ட முன்பல்லோட வெச்சு அழுத்துது, நடுவுல பல்லுல ஒட்டற பிராக்கெட் இருந்தா உதட்டு உள்பக்கம் கிழிஞ்சு புண்ணாயிரும். மெழுகு உருட்டி ஒட்டிக்கலாம், ஆனா அழுத்தத்த கொறச்சு மூச்ச நல்லா குடுத்து ஊதப் பழகறதுதான் நெசமான வழி. புல்லாங்குழல்ல அவ்வளவு அழுத்தம் இல்ல, காத்து போற கோணம் மாறி கொஞ்ச நாள் சத்தம் பிசிறடிக்கும், அப்புறம் சரியாயிரும்.

பவானி பக்கம் ஒரு நாயனக்காரர் மகன கூட்டிட்டு வந்தாருங்க. 'தையில முகூர்த்தம் ஆரம்பிச்சுருமுங்க, இவன் கூட நின்னு ஊதியாகோணுமுங்க'ன்னார். வெளிய தெரியாம உள்பக்கமா கிளிப் போட முடியுமான்னு பையன் கேட்டான். நான் வேண்டாம்னுட்டேன், காத்த வெட்டி வெட்டி ஊதற துத்துகாரத்துக்கு நாக்குதான் வேலை செய்யுது, அங்க கம்பி இருந்தா எப்படி பேசும்? கழட்டி மாட்டற பிளாஸ்டிக் உறை, அலைனரும் நாளுக்கு 20, 22 மணி நேரம் வாயில இருக்கோணும், சாதகமும் கச்சேரியும் சேந்தா அந்த கணக்கு இவங்களுக்கு ஒத்து வராது. அதனால சாதா கிளிப்பே போட்டோம், ஆடில, கல்யாணமே இல்லாத மாசம் பாத்து. நாயனத்துல ஊதற முனையில இருக்கற சீவாளிய உதட்டால கவ்வி கூட்டிக் கொறச்சுத்தானே ஸ்ருதி புடிக்கறாங்க, உதடு புது எடத்துக்கு பழக அந்த மாசம் போச்சு. கம்பி முறுக்கறது நாலஞ்சு வாரத்துக்கு ஒருக்கா, முறுக்கினா ரெண்டு மூணு நாளைக்கு பல்லு வலிக்கும், அதையும் முகூர்த்த நாள் பாத்துத்தான் எழுதினோம்.

கிளிப் போட்டிருக்கற வரைக்கும் வாத்தியத்த தொடாதேன்னு சிலர் சொல்லீர்றாங்க, எனக்கு அது மனசே ஆகறதில்லீங்க. வளர்ற வயசுல ஒன்றரை, ரெண்டு வருசம் ஊதாம இருந்தா அந்த கை, அந்த மூச்சு எங்க போய் தேடறது? நாமதான் நம்ம தேதிய வளைச்சுக்கோணும்.

கழட்டறப்ப உதடு மறுக்கா புதுசா பழகோணும், இத யாரும் சொல்றதில்ல. அந்தப் பையனுக்கு அடுத்த வருசம் மார்கழி பொறந்ததும் கழட்டினேன், தை வரைக்கும் அவனுக்கு நேரம் கெடச்சுது. பல்லு மறுக்கா நகராம இருக்க மாட்டற ரீட்டைனர மட்டும் ஊதறப்ப எடுத்து டப்பால வெச்சுட்டு, முடிஞ்சதும் மாட்டிக்கறான்.