எலுமிச்சைக்குத் தண்ணீர் எப்போது?

மேல்மண் காய்ந்ததைப் பார்த்து மோட்டார் போடாதீர்கள். எலுமிச்சையின் உறிஞ்சுவேர் பெரும்பாலும் மேல் இரண்டடிக்குள்தான். ஈரத்தை அங்கே பார்க்கணும்.

மண்ணின் ஈரத்தை அளக்க டென்சியோமீட்டர் (அடியில் பீங்கான் முனையும் மேலே அளவு காட்டும் முள்ளும் உள்ள, நீர் நிரப்பிய குழாய்) இரண்டு வேண்டும்: ஓரடியில் ஒன்று, இரண்டடியில் ஒன்று. மர நிழலுக்குள், டிரிப்பரிலிருந்து (சொட்டுநீர் விழும் முனை) ஓரடி தள்ளி இறக்குங்கள். டிரிப்பருக்கு நேர் கீழே வைத்தால் எப்போதும் ஈரமென்றே காட்டும். பீங்கான் முனையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, குழாயில் கொதித்து ஆறிய நீரை நிரப்புங்கள். முனையைச் சுற்றி அதே மண்ணைக் குழைத்து ஊற்றுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: மண் ஒட்டாமல் இடைவெளி விழுந்தால் முள் மண்ணின் ஈரத்தைச் சொல்லாது.

தினமும் காலையில் பாருங்கள். முள் காட்டும் எண் (சென்டிபார்) கூடக்கூட மண் காய்கிறது என்று அர்த்தம். ஓரடிக் கருவி மணல்மண்ணில் 20-30 சென்டிபார், வண்டலில் 40-50 தொட்டதும் பாய்ச்சலாம். இரண்டடி முள் நாள்கணக்கில் 10க்குக் கீழேயே நின்றால் தண்ணீர் அதிகம். உரமும் வேரைத் தாண்டி இறங்குகிறது, வேரழுகலும் வரும்.

முக்கியமாக ஒன்று. 80ஐத் தாண்டினால் குழாயில் காற்று புகும், முள் பூஜ்ஜியத்துக்கு விழும். மண் நனைந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், மரம் அப்போது வாடிக்கொண்டிருக்கும்! பாய்ச்சிவிட்டு, குழாயில் மறுபடி நீர் நிரப்புங்கள்.

கருவி இல்லையா? ஓரடி ஆழ மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். வண்டலில் உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் அன்றே பாய்ச்சுங்கள்.