நடைபாதையில் சிதறும் குருணை

மினியாபோலிஸ் போன்ற ஏரி நகரத்தில் புல்வெளிப் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர், உர மூட்டையைப் பிரிப்பதற்கு முன் தெருவோர மழைநீர் வடிகால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் விழுவது பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஏரிக்குப் போய்ச் சேரும்.

நன்னீர் ஏரியில் பாசி எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்). அது கூடினால் நீலப்பச்சைப் பாசி படரும். பாசி செத்து மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். மினியாபோலிஸ் இருக்கும் அமெரிக்க மாநிலமான மினசோட்டா 2005 முதல் மாநிலம் முழுக்க, புல்வெளி உரத்தில் மணிச்சத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களில், மணிச்சத்தைக் குறிக்கும் நடு எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். புதிதாக அமைக்கும் புல்வெளிக்கும், மண் பரிசோதனையில் பற்றாக்குறை தெரிந்த இடத்துக்கும் விலக்கு உண்டு. அவசியமான சட்டம்தான். ஆனால் பூஜ்யத்தைப் பார்த்ததும் வேலையாட்கள் கை அசட்டையாகிவிடுகிறது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) நீரோடு ஓடக்கூடியதே.

100 சதுர மீட்டருக்கு ஒரு தடவைக்கு அரை கிலோ தழைச்சத்து போதும். முதல் எண் தழைச்சத்தின் சதவீதம் என்பதால், 25-0-5 மூட்டையானால் 2 கிலோ உரம். அதில் பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் வரிவரியாகத் தெரியாது. தூவும் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வாயை மூடிவிட வேண்டும். நின்ற இடத்தில் கொட்டினால் புல் கருகும், மிச்சம் மழையில் கரைந்து போகும். உரத்தைத் தார்ப்பாய் மேல் வைத்து நிரப்பினால் சிந்தியதை அள்ளிக்கொள்ளலாம்.

அதிகக் கெடுதல் நடப்பது ஓரங்களில். சுழல்தட்டு வண்டி உரக் குருணையை இருபுறமும் வீசும். நடைபாதையை ஒட்டிப் போகும்போது அந்தப் பக்கத் தடுப்பை இறக்கிவிட வேண்டும். தடுப்பு இல்லாத வண்டியானால், வீச்சு எட்டும் அகலத்தை விட்டுத் தள்ளி ஓட்ட வேண்டும். அப்படியும் சிமென்ட் தரையில் விழுந்ததை உடனே புல்லுக்குள் பெருக்கித் தள்ள வேண்டும். குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுவது, கையால் எடுத்து வடிகாலில் போடுவதற்குச் சமம். பிறகு 6 மில்லிமீட்டர் அளவுக்கு மெதுவாகத் தண்ணீர் விட்டால் உரம் மண்ணில் இறங்கும். பலத்த மழை வரும் என்று தெரிந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பூச்சிமருந்தில் கவலை இன்னும் அதிகம். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களுக்கான டயஸினான் என்ற பூச்சிக்கொல்லியின் விற்பனை 2004-இல் நின்றது. அதன் இடத்துக்கு வந்த பைரெத்ராய்டு மருந்துகள் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு ஓடைக்குப் போகின்றன. கலிபோர்னியக் குடியிருப்புப் பகுதி ஓடைகளின் வண்டலில் அந்த வகை மருந்தான பைஃபென்த்ரின், மீன்களுக்கு இரையாகும் சின்னஞ்சிறு ஓட்டுயிரிகளைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்திருந்தது. ஆகவே சிமென்ட் தரையில் தெளிக்கக் கூடாது. தெளிப்பான் தொட்டியைக் கழுவிய நீரையும், பூச்சிமருந்தின் மேல் ஒட்டிய விவரச் சீட்டு அனுமதிக்கும் அளவுக்குள், அதே புல்வெளியில் தெளித்துத் தீர்க்க வேண்டும்.

இலையுதிர்காலத்தில் உர வண்டி ஓய்ந்த பிறகும் மணிச்சத்து தெருவில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சாலையோரம் நனைந்து கிடக்கும் இலைகளிலிருந்து, தேயிலையில் சாறு இறங்குவதுபோல, அது கரைந்து வெளியேறுகிறது. வெட்டிய புல்லும் அப்படித்தான். புல்வெளியிலேயே விட்டால் அது உரம். தெருவில் விழுந்திருந்தால், அடுத்த மழைக்கு முன் வாரிவிட வேண்டும்.